சாயங்கால அறைச் சேவைக்காகக் கப்பலில் சூட் எடுக்க வேண்டுமா?

பள்ளத்தூர்க் குடும்பம் ஒன்றின் கேள்வி இது. அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாம் கல்யாணம் முடிந்ததும் எட்டுப் பேராகத் திருச்சியிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கே கப்பல் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவுப் பயணம். அப்பச்சியும் ஆத்தாவும் ஒரு அறை. மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள் ஒரு அறை. மகளும் மாப்பிள்ளையும் ஒரு அறை. மூன்றும் பால்கனி அறைகள். இந்த நிலையில் டிக்கெட் ஏஜெண்ட், “இந்த வகுப்பில் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அறைக்கு வருவார்கள். சாயங்காலம் வந்து படுக்கையைத் தயார் செய்து வைப்பது சூட் என்கிற பெரிய, விலை கூடிய அறைகளுக்கு மட்டும்தான். பெரியவர்கள் வருகிறார்கள், சூட்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்” என்கிறாராம். மாறலாமா, அந்தச் சாயங்காலச் சேவை அவ்வளவு முக்கியமா என்று மகன் கேட்கிறார்.

நான் கப்பலில் கேபின் ஸ்டூவர்ட், அதாவது பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்து கவனிக்கிற வேலை பார்த்தவன். இப்போது காரைக்குடிப் பக்கம், விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீட்டில் அறைகளின் பொறுப்பைக் கவனிக்கிறேன். அந்தச் சாயங்காலச் சுற்றை என் கையால் செய்தவன் என்பதால் நேராகவே சொல்கிறேன். அதற்காக மட்டும் என்றால் சூட் வேண்டாம். அப்பச்சி ஆத்தா அறையில் அது இல்லாதது பெரிய குறையாகத் தெரியாது. மகன் அறையில் தெரியும், ஏனென்றால் அங்கே நான்கு பேர் படுக்கிறார்கள். ஏஜெண்ட் பெரியவர்களை நினைத்துக் கவலைப்படுகிறார். நான் பிள்ளைகள் அறையை நினைத்துத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சாயங்காலம் என்னதான் செய்வார்கள் என்று பார்த்துவிடுவோம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நீங்கள் அறையை விட்டுக் கிளம்பும் நேரம் ஸ்டூவர்டுக்குத் தெரியும். முதல் பந்தியா இரண்டாவது பந்தியா என்பது அவர் கையில் இருக்கும் தாளிலேயே இருக்கும். நீங்கள் போனதும் உள்ளே வருவார். கட்டிலின் மேல்விரிப்பை எடுத்து மடித்து வைப்பார், போர்வையின் ஒரு மூலையைத் திருப்பி விடுவார், திரைச்சீலையை இழுத்து மூடுவார். ஈரத் துண்டுகளை எடுத்துக்கொண்டு காய்ந்த துண்டுகளை வைப்பார். குப்பைக் கூடையைக் காலி செய்வார். குளியலறைத் தரையில் தண்ணீர் நின்றால் துடைப்பார். ஐஸ் வாளி வைத்திருந்தால் நிரப்புவார். மறுநாள் நிகழ்ச்சித் தாளைக் கட்டில்மேல் வைப்பார், சில கப்பல்களில் தலையணைமேல் ஒரு சாக்லேட். கடைசியாகத் தலைமாட்டு விளக்கை எரியவிட்டுவிட்டுக் கதவைச் சாத்துவார். அறை ஒழுங்காக இருந்தால் எல்லாம் சேர்த்து ஐந்தாறு நிமிட வேலை. துண்டை மடித்து யானை, குரங்கு செய்து வைப்பதும் இந்தச் சுற்றில்தான்.

இது குறைந்தது சமீபத்தில்தான். கப்பல் கம்பெனிகளில் கார்னிவல் கொஞ்சம் முன்னாடியே ஒருவேளைச் சேவைக்கு வந்துவிட்டது. 2023 தொடக்கத்தில் நார்வீஜியன், ராயல் கரீபியன் இரண்டும் சாதாரண அறைகளுக்கு ஒரு வேளையாக்கிவிட்டு, சூட்டுகளுக்கு மட்டும் இரண்டு வேளையை வைத்துக்கொண்டன. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜண்ட் போன்ற விலை உயர்ந்த கம்பெனிகளில் எல்லா அறைகளுக்கும் இன்னமும் இரண்டு வேளைதான். நடுவில் உள்ள கம்பெனிகள் கப்பலுக்குக் கப்பல், அறை வகுப்புக்கு வகுப்பு மாற்றி வைத்திருக்கின்றன. அதனால் ஏஜெண்ட் வாய்வார்த்தையாகச் சொல்வதோடு விடாதீர்கள். நீங்கள் எடுக்கும் அறை வகுப்பின் பெயரைச் சொல்லி, அதற்கு எத்தனை வேளை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒருவேளைச் சேவை என்றால் அறை அழுக்காக இருக்குமோ என்ற பயம். பலர் கேட்பது இதுதான். அந்தப் பயம் வேண்டாம். கழிவறையைத் தேய்ப்பது, கைப்பிடி, சுவிட்ச், ரிமோட் எல்லாவற்றையும் மருந்து போட்டுத் துடைப்பது, தரையை வேக்குவம் போடுவது எல்லாம் முழுச் சுற்றில் நடக்கிற வேலைகள். இரண்டு வேளை இருந்த காலத்திலும் அவை காலையில்தான் நடந்தன. சாயங்காலச் சுற்று ஒரு மேல்பூச்சுதான். கப்பலில் பரவுகிற வாந்திபேதிக்குப் பெரும்பாலும் நோரோ வைரஸ்தான் காரணம். அதைத் தடுப்பது நீங்கள் சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கையில் அடிக்கிற சானிடைசர் அந்த வைரஸுக்கு அவ்வளவாக வேலை செய்யாது. பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள். அறைக்கு ஒரு தடவை வருகிறார்களா இரண்டு தடவை வருகிறார்களா என்பதால் இதில் பெரிய வித்தியாசம் வராது.

சரி, அப்புறம் எங்கேதான் வித்தியாசம் வருகிறது?

உங்கள் பயண வழியில் வருகிறது. அலாஸ்கா மாதிரிக் குளிர்ப் பக்கம் போகிறவர் ஒருவேளைச் சேவையைக் கவனிக்கக்கூட மாட்டார். நீங்கள் போவது புழுக்கம் பிடித்த கடல். பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுனை ஒட்டிய சுவெட்டன்ஹாம் துறையிலேயே கட்டும். இறங்கினால் நடக்கிற தூரத்தில் லிட்டில் இந்தியா, பழைய கிட்டங்கி (செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய இடம்) இருந்த தெருக்கள். அப்பச்சி அந்தத் தெருவில் நிற்காமல் வரமாட்டார். உங்கள் ஐயா (தாத்தா) தலைமுறையில் நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ ஏறிப் பினாங்குக்குப் போனவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். 1926 முதல் 1973 வரை ஓடிய கப்பல் அது. மேல்தளத்தில் பாயையும் தலையணையையும் தாங்களே கொண்டுபோய் விரித்துப் படுத்தவர்கள்தான் அதில் அதிகம். அந்தக் கதையெல்லாம் தெரு முனையில் நின்று பேசி முடித்து, நாட்டுக்கோட்டைச் செட்டியார் தண்டாயுதபாணி கோயிலுக்கும் போய்விட்டு வெயிலில் கப்பலுக்குத் திரும்பினால், ஏறினவுடன் எட்டுப் பேரும் செய்கிற முதல் வேலை குளிப்பது.

அங்கேதான் விஷயம். நாம் காலையிலும் குளிக்கிறவர்கள், சாயங்காலமும் குளிக்கிறவர்கள். காலையில் ஒரு தடவை துண்டு மாற்றினால், சாயங்காலக் குளியலுக்கு ஈரத் துண்டுதான் மிஞ்சும். புக்கெட்டில் இன்னும் கூடுதல். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில் ஆட்களை இறக்குகின்றன. பிள்ளைகள் கடலில் ஆடிவிட்டு வந்தால் காலில் மணல், உடம்பில் உப்பு, கையில் ஈரத் துணி. நான்கு பேர் அறையில் அந்தக் குளியலறையை யோசித்துப் பாருங்கள். ஒருவர் நின்றால் இன்னொருவர் நிற்க இடமில்லாத அறை அது. ஷவர் திரைக்கு வெளியே தண்ணீர் வழிந்திருக்கும், கதவுக் கொக்கியில் நான்கு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும், அடியில் இருக்கிற துண்டு மறுநாள் காலை வரை காயாது. இரண்டாவது வேளைக்கு ஆள் வந்த காலத்தில், நீங்கள் சாப்பிட்டுத் திரும்பும்போது இது எதுவும் கண்ணிலேயே படாது.

இதற்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து சூட் எடுக்க வேண்டியதில்லை. கப்பல் ஏறிய அன்று சாயங்காலமே ஸ்டூவர்ட் வந்து பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்வார், அல்லது நடைபாதையில் எதிர்ப்படுவார். அப்போதே, “நாங்கள் இரண்டு வேளையும் குளிப்போம், அறைக்கு இரட்டைத் துண்டு வையுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். மறுக்கமாட்டார். துண்டு எண்ணிக்கை அவருக்கு ஒரு பாரமே இல்லை. தள்ளுவண்டியில் அடுக்கித்தான் வைத்திருப்பார். முதல் நாளே சொன்னால் ஒவ்வொரு நாளும் கேட்காமலே வந்துவிடும். மூன்றாம் நாள் சலித்துக்கொண்டு கேட்டால், அந்த ஒரு நாளைக்குத்தான் கிடைக்கும்.

ஈரத் துணிக்கு இன்னொரு வழி உண்டு. பல கப்பல்களில் ஷவருக்குள் சுவரில் ஒரு சின்ன வட்டப் பெட்டி இருக்கும், இழுத்தால் கயிறு வரும், எதிர்ச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். அது கொடி என்று தெரியாமலே பலர் ஊர் திரும்பிவிடுகிறார்கள். கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு என்பதால் காந்தக் கொக்கிகள் நன்றாகப் பிடிக்கும். நாலைந்து வாங்கிக்கொண்டு போங்கள். பால்கனியில் துணி காயப்போடாதீர்கள், காற்றில் பறந்து கடலுக்குப் போகும், கப்பலிலும் அனுமதிப்பதில்லை.

இனி நான் முக்கியமென்று நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். அதுதான் மகன் அறை.

பால்கனி அறை என்றால் பால்கனியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 180, 200 சதுர அடிதான். அதில் பெரிய கட்டில் ஒன்று, சோபா ஒன்று, மேசை ஒன்று. மூன்றாவது ஆளுக்குச் சோபாவே படுக்கையாகும். நான்காவது ஆளுக்கு மேலே கூரையிலோ சுவரிலோ மடங்கிக் கிடக்கிற படுக்கை. அதை ஸ்டூவர்ட் சாவி போட்டுத் திறந்து இறக்கி, ஏணியை மாட்டி வைப்பார். இரண்டு வேளைச் சேவை இருந்தபோது ஒழுங்கு இப்படி: காலையில் வந்து மேல் படுக்கையைத் தூக்கிப் பூட்டிவிட்டு, சோபாவைச் சோபாவாக்கிவிட்டுப் போவார். பகலெல்லாம் நடக்க இடம் இருக்கும். சாயங்காலம் வந்து இரண்டையும் படுக்கையாக்குவார். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவழிந்து வரும்போது படுக்கை தயாராக இருக்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு சாயங்காலச் சேவை செய்த உபகாரம் இதுதான். சாக்லேட்டுக்கும் துண்டு யானைக்கும் நான் அவ்வளவு மதிப்புக் கொடுக்கமாட்டேன், இதற்குக் கொடுப்பேன்.

ஒரே வேளை என்றால் மூன்று வழிதான். ஒன்று, காலையில் மடித்து வைத்துவிட்டுப் போவார், ராத்திரி மேல் படுக்கையை இறக்க நீங்கள் போன் செய்து காத்திருக்க வேண்டும். தூக்கம் வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருப்பது பெரிய அவஸ்தை. நீங்களே இறக்கிக்கொள்ளலாம் என்று மட்டும் முயற்சி செய்யாதீர்கள், பூட்டு சரியாக விழாவிட்டால் ஆபத்து. இரண்டாவது, பயணம் முழுவதும் இரண்டு படுக்கைகளையும் விரித்தபடியே விட்டுவிடச் சொல்வது. அப்போது பகலில் உட்கார இடம் கிடையாது, பால்கனிக்குப் போகக் கட்டிலைச் சுற்றி ஒருக்களித்துப் போக வேண்டும், மேல் படுக்கையில் தலை இடிக்கும். மூன்றாவது, நான் உங்களுக்குச் சொல்வது: மேல் படுக்கை மட்டும் இறக்கியே இருக்கட்டும், சோபா பகலில் சோபாவாக இருக்கட்டும். சோபாவை ராத்திரி படுக்கையாக்க ஒரு பெரிய ஆளால் முடியும். முதல் நாள் ஸ்டூவர்டிடம் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். விரிப்பும் போர்வையும் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

பணம் செலவழிக்கத் தயார் என்றால், அதைச் சூட்டில் போடுவதற்கு முன் இன்னொரு விலையையும் ஏஜெண்டிடம் கேளுங்கள். மகன் அறைக்கு நேரெதிரில், ஜன்னல் இல்லாத உள்ளறை ஒன்று என்ன விலை? நடைபாதையின் அந்தப் பக்கம் இருக்கிற உள்ளறைதான் கப்பலிலேயே மலிவு. நான்கு பேரை இரண்டு இரண்டாகப் பிரித்துவிட்டால் மேல் படுக்கையும் வேண்டாம், சோபாவும் வேண்டாம், குளியலறையும் இரண்டு. மூன்றாவது நான்காவது ஆளுக்கு என்று வாங்குகிற கட்டணத்தைக் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவு வராமலும் போகலாம். பிள்ளைகளை மட்டும் தனி அறையில் போட்டுப் பதிவு செய்யப் பொதுவாக விடமாட்டார்கள். ஒவ்வொரு அறையிலும் ஒரு பெரியவர் பெயர் இருக்க வேண்டும் என்பார்கள். அதற்கேற்ற மாதிரி பெயர் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு வேளை என்கிற கப்பல்கள் பலவற்றில், காலையா சாயங்காலமா என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இதில் மூன்று அறைக்கும் ஒரே பதில் சொல்லிவிடாதீர்கள்.

அப்பச்சி, ஆத்தா அறைக்குக் காலை. அவர்கள் ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, காப்பிக்கு மேல்தளத்துக்குப் போய்விடுவார்கள். பலகாரம் முடித்து வரும்போது அறை பளிச்சென்று இருக்கும். மத்தியானம் சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுவார்களே, அப்போது கசங்காத விரிப்பில் படுக்கலாம். சாயங்காலம் என்று போட்டுவிட்டால் பகலெல்லாம் அறை கலைந்தே கிடக்கும். ஆத்தாவுக்கு அது பொறுக்காது, தானே உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். தவிரவும் நம் வீடுகளில் விளக்கு வைத்த பிறகு பெருக்குகிற வழக்கம் கிடையாது. விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருவர் வேக்குவமோடு வந்து நின்றால் அவர்கள் மனசு சங்கடப்படும். அது சின்ன விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

மகன் அறைக்குச் சாயங்காலம். பகலில் அங்கே யாரும் இருக்கப்போவதில்லை, பிள்ளைகள் நீச்சல் குளத்திலும் விளையாட்டுக் கூடத்திலும்தான் கிடப்பார்கள். மணல், ஈரம், பிஸ்கட் துகள் எல்லாம் சேர்ந்த பிறகு ஒரே தடவையாகச் சுத்தமாகிவிடும், சோபாவும் அப்போதே படுக்கையாகிவிடும். மகள் அறைக்கு எதுவாக இருந்தாலும் சரி. அறைகள் அடுத்தடுத்து இருந்தால் பெரும்பாலும் ஒரே ஸ்டூவர்ட்தான் பார்ப்பார். அதனால் காலையும் சாயங்காலமும் அவர் உங்கள் வாசலுக்கு எப்படியும் வருவார். பெரியவர்கள் அறைக்கு ஏதாவது தேவையென்றால் சாயங்காலம் மகன் அறைக்கு வரும்போது சொல்லிவிடலாம். மூன்று அறையையும் பக்கத்தில் பக்கத்தில், லிப்டுக்குக் கிட்டே, கப்பலின் நடுப்பகுதியில் கேட்டு வாங்குங்கள். நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு, அப்பச்சிக்கு நடை குறைவு. சூட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் கொஞ்சத்தை இதற்குக் கொடுத்தாலும் தகும்.

பெரியவர்கள் அறையில் சாயங்காலம் ஆள் வராததால் உண்மையாகவே விட்டுப்போவது இரண்டு. ஒன்று விளக்கு. ஸ்டூவர்ட் தலைமாட்டு விளக்கைப் போட்டுவிட்டுப் போவார் என்றேன் அல்லவா, அது அழகுக்காக மட்டும் இல்லை. திரை மூடிய கேபின் கும்மிருட்டாக இருக்கும். குளியலறை வாசலில் தண்ணீர் வெளியே வராமலிருக்க ஒரு நிலைப்படி உயர்ந்து நிற்கும். ராத்திரி எழுந்து போகிறவர்கள் காலை இடித்துக்கொள்வதும் தடுக்கி விழுவதும் அங்கேதான். நான் வேலை பார்த்தபோது வயதானவர்கள் இருக்கிற அறைகளில் குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்துவிட்டு வருவேன். இப்போது அதை நீங்கள் செய்ய வேண்டும். பேட்டரியில் எரிகிற சின்ன ராத்திரி விளக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போங்கள், ஒன்று கட்டிலுக்குப் பக்கம், ஒன்று அந்த நிலைப்படிக்குப் பக்கம்.

இரண்டாவது வெந்நீர். ஐஸ் வாளி நம் பெரியவர்களுக்கு எதற்கு? ராத்திரி மாத்திரை போட, தொண்டைக்கு இதமாக, வெந்நீர்தான் வேண்டும். கெட்டில் சில கப்பல்களில் அறையிலேயே இருக்கும். இல்லாவிட்டால் வீட்டிலிருந்து கொண்டுபோக முடியாது. சூடாகிற சாமான் எதையும், இஸ்திரிப் பெட்டி உட்பட, தீ விபத்துப் பயத்தில் பொதுவாக வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஊதுபத்தி, சூடம், எண்ணெய் விளக்கு எதுவும் கூடாது. ஆத்தாவிடம் இதை முன்பே சொல்லி, பேட்டரி விளக்கு ஒன்றை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வெந்நீருக்கு ஒரு நல்ல பிளாஸ்க் போதும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பஃபே கூடத்தில் டீ போடுகிற இடத்திலேயே பிடித்துக்கொண்டு வந்துவிடலாம். அப்படியே குளியலறைக்கு ஒரு பிளாஸ்டிக் மக்கும் எடுத்துப் போங்கள். பெரும்பாலான கப்பல்களில் கழிவறையில் கைக்குழாய் இருக்காது, காகிதம்தான்.

நகை விஷயம் ஒன்று. சில ஆச்சிமார் ராத்திரி வைரத்தோட்டைக் கழற்றி டிஷ்யூ காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைப்பார்கள். சுத்தம் செய்ய வருகிறவர் கண்ணுக்கு அது கசங்கிய காகிதம். கூடைக்குப் போய்விட்டால், அப்புறம் கப்பலின் அடித்தளத்தில் குப்பை பிரிக்கிற இடம்வரை தேட வேண்டியிருக்கும். தலையணை உறைக்குள் வைத்தால் அது சலவைக்குப் போகும். அறையில் எண் போட்டுப் பூட்டுகிற சின்னப் பெட்டகம் இருக்கிறது, அதில் வைத்துவிடச் சொல்லுங்கள். நகைக்கும் நல்லது, வேலை செய்கிறவர் மேல் வீணாகச் சந்தேகம் விழாமல் இருப்பதற்கும் நல்லது.

எங்கள் விடுதியில் நான் இன்னமும் சாயங்காலச் சுற்றை விடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வீடு. அறைக்கு நாலு ஜன்னல், எல்லாம் வளவையும் தோட்டத்தையும் பார்த்துத் திறப்பவை. ஆறு மணிக்குள் ஜன்னல் கதவுகளைச் சாத்தாவிட்டால் ராத்திரி முழுக்கக் கொசு. வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கட்டைத் தாழ்ப்பாளைப் போடவும் தெரியாது. அதனால் ஒவ்வொரு அறைக்கும் போய்ச் சாத்தி, கொசுவத்தி மெஷினைப் போட்டு, கூஜாவில் தண்ணீர் நிரப்பி வைக்கிறோம். அங்கே அந்தச் சேவைக்கு ஒரு அவசியம் இருக்கிறது. கப்பலில் கொசு இல்லை, பால்கனிக் கதவைத் தவிரத் திறக்கிற ஜன்னலும் இல்லை, குளிர்சாதனம் எந்நேரமும் ஓடுகிறது. நான்கு பேர் படுக்கிற அறையைத் தள்ளிவிட்டால், சாயங்காலம் ஒருவர் வந்தே ஆக வேண்டும் என்கிற வேலை அங்கே குறைவு. இரண்டு இடத்திலும் வேலை பார்த்ததால்தான் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்குத் துண்டு யானை வேண்டுமா? ஸ்டூவர்டிடம் பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். நேரமிருக்கிற அன்று செய்து வைத்துவிடுவார். அதைச் செய்வதில் அவர்களுக்கும் ஒரு சந்தோஷம் உண்டு. பல கப்பல்களில் கற்றுக்கொடுக்கிற வகுப்பே நடக்கும்.

சூட் எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பெரிய அறை, தனிச் சாப்பாட்டுக் கூடம், ஏறி இறங்கத் தனி வரிசை, சில கப்பல்களில் பட்லர் என்கிற தனிப் பணியாள், இதெல்லாம் சேர்ந்துதான் அந்த விலை. சிங்கப்பூரிலிருந்து ஓடுகிற கெண்டிங் ட்ரீம் கப்பலில் ‘தி பேலஸ்’ என்று சூட்டுகளுக்கே ஒரு தனிப்பகுதி வைத்திருக்கிறார்கள், பட்லர் உண்டு. அப்பச்சிக்கு முழங்கால் வலி, வரிசையில் நிற்க முடியாது என்றால் அவர்கள் இருவருக்கு மட்டும் எடுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் ஏஜெண்ட் சொன்ன காரணத்துக்காக மூன்று அறையையும் மாற்றாதீர்கள். நான்கு இரவுப் பயணத்தில் சாயங்காலச் சுற்று என்பது மொத்தமே நான்கு தடவை.

டிப்ஸ் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் “ஒரு வேளைதானே வருகிறார்கள், சேவைக் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லலாமா” என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல கம்பெனிகள் ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏற்றிவிடுகின்றன, பிள்ளைகளுக்கும் சேர்த்து. உதாரணத்துக்கு ஒருவருக்கு 18 டாலர் என்றால், எட்டுப் பேருக்கு நான்கு நாளுக்கு 576 டாலர். டிக்கெட் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சேவை பாதியானபோது அந்தக் கட்டணம் பாதியாகவில்லை என்பது உண்மை. ஆனால் ஸ்டூவர்டின் வேலையும் பாதியாகவில்லை. சாயங்காலச் சுற்றை எடுத்தபோது ஒரு ஆளுக்கு உள்ள அறைகளைக் கூட்டிவிட்டார்கள். கடல் தொழிலாளர் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது, 2013-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியாவும் 2015-இல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தர வேண்டும், அதை இரண்டாகப் பிரிக்கலாம், ஒரு பகுதி 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். காலையில் ஒரு ஆட்டம், சாயங்காலம் ஒரு ஆட்டம் என்று இந்த வேலை ஓடுவது அந்தக் கணக்குக்குள்தான். மாதக்கணக்கில் ஞாயிறு, தீபாவளி எதுவும் இல்லாமல் ஓடுகிற வேலை. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கவுண்டரில் நின்றால் அடிபடுவது கம்பெனி இல்லை, தள்ளுவண்டி தள்ளுகிறவர்தான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அதற்கு மேல் கையில் கொடுக்க விருப்பமிருந்தால் கடைசி நாள் ராத்திரியே கொடுத்துவிடுங்கள். மறுநாள் காலை அவரைப் பிடிக்க முடியாது. நீங்கள் இறங்கிய சில மணி நேரத்தில் அதே அறைகளில் அடுத்த கூட்டம் ஏறும், விரிப்பு முதல் குளியலறை வரை எல்லாவற்றையும் அதற்குள் மாற்றியாக வேண்டும். பெரிய பெட்டிகளையும் அந்த ராத்திரியே கதவுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், இறங்கிய பிறகுதான் அவை கைக்கு வரும். அப்பச்சியின் மாத்திரை, ஒரு மாற்று உடுப்பு, எல்லார் பாஸ்போர்ட், பெட்டகத்தில் இருக்கிற நகை இவற்றைக் கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு பெட்டிகளை வெளியே தள்ளுங்கள்.